ஏழு மணி செபமாலையும் மருமகளும்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது என் வயதுக்காரர்கள் தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. "இப்பொழுதெல்லாம் வீட்டில் செபமே இல்லை. பேரப்பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லத் தெரியவில்லை. மருமகளுக்கு நேரமில்லை." புதுச்சேரியில் சம்பா கோவில் வாசலானாலும், நெல்லித்தோப்பு கோயில் வாசலானாலும் பேச்சு இதுதான். குறை உண்மைதான். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் மருந்து சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

நாம் வளர்ந்த வீடுகளில் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் முழங்காலில் இருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று மணி செபமாலை, அதன்பின் மாதா பிரார்த்தனை, பிறகு இறந்தவர்களுக்கான செபம். முடிய அரை மணி நேரமாவது ஆகும். அப்பா ஆறு மணிக்குள் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்த காலம் அது. அம்மா வீட்டிலேயே இருந்தார். இன்று மருமகள் வேலை முடிந்து வரவே ஏழு ஆகிறது. வந்ததும் அடுப்படிக்குப் போக வேண்டும். பிள்ளை டியூஷனில் இருக்கிறான். அவர்களிடம் அதே ஏழு மணியைக் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் செபம் சண்டையில்தான் முடியும். அதட்டலோடு வருகிற செபத்தைப் பிள்ளைகள் பெரியவர்களான பின் தொடுவதில்லை.

திருச்சபை இப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை. மடத்துத் துறவிகள் 150 சங்கீதங்களைச் சொல்லிச் செபித்தார்கள். படிக்கத் தெரியாத சனங்கள் அதற்குப் பதிலாக மணிகளை எண்ணிச் செபித்தார்கள். செபமாலை வளர்ந்த வழி அது. வயலை விட்டு வர முடியாதவர்களுக்குக் கோயில் மணி மூன்று வேளை அடித்தது. அதுதான் திரிகால செபம். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857க்கும் 1859க்கும் இடையில் தீட்டிய 'லான்ஜெலுஸ்' படத்தைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும், தூரத்துக் கோயிலின் மணி கேட்டு நின்ற இடத்திலேயே தலை குனிகிறார்கள். கூடை காலடியிலேயே இருக்கிறது. செபம் முடிந்ததும் மறுபடியும் வேலைதான்.

அதே நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஃப்ரேர் லோரான். இளமையில் படைவீரர். காலில் அடிபட்டு நொண்டி நடந்தவர். பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவருக்குச் சமையலறை வேலை கொடுத்தார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு வேலையையும் ஆண்டவருக்காகச் செய்கிறேன் என்று பழகிப் பழகி, கோயிலில் முழங்காலில் இருக்கும் நேரத்துக்கும் அடுப்படியில் இருக்கும் நேரத்துக்கும் வேறுபாடு தெரியாத நிலைக்கு வந்தார். 1691இல் இறந்தார். அவருடைய பேச்சும் கடிதங்களும் சிறு புத்தகமாக இன்றும் கிடைக்கின்றன.

"இதெல்லாம் சோம்பேறிகளுக்குச் சாக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்த நாட்களில், காகிதத்தின் தலைப்பில் இந்து நண்பர்கள் பிள்ளையார் சுழி போடுவார்கள். முஸ்லிம் நண்பர் 786 என்று எழுதுவார். நாங்கள் ஒரு சிறு சிலுவை போடுவோம். ஒரு நொடி வேலைதான். ஆனால் அந்தச் சிலுவையைப் போட்டுவிட்டு, பென்ஷனுக்காக மூன்றாம் முறையாக நடந்து வந்திருக்கும் விதவை அம்மாளிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல நாக்கு கூசும். அரை மணி நேரம் செபம் சொல்லிவிட்டு வந்து எரிந்து விழுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். செபம் எவ்வளவு நீளம் என்பதைவிட, அது நம்மை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செபமாலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருக்கிறது. முழுச் செபமாலையையும் வீட்டிலுள்ள எல்லோருக்காகவும் நாம் சொல்லுவோம். வேலைக்கு ஓடுகிறவர்கள் பால் காயும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் ஒரு வார்த்தை சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பத்து மணி சொன்னால் போதும். அது நிலைத்தால் மற்ற நாட்களைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இன்னொன்று. பேரப்பிள்ளை டியூஷனுக்குக் கிளம்பும்போது "செபம் சொன்னியா?" என்று கேட்காதீர்கள். கூப்பிட்டு நெற்றியில் ஒரு சிலுவை வரைந்து அனுப்புங்கள். நம் பாட்டிமார் நமக்குச் செய்ததுதானே.

உங்கள் வீடுகளில் எப்படி என்று எழுதுங்கள்.