படம் நம்முடையது, சுவர் யாருடையது?

ஒரு சனம் தன்னைப் பற்றிய படங்களைத் தானே எடுத்து, தானே தேர்ந்து, தன் தெருவிலேயே மாட்டிவைத்தால் அதுக்குப் பேரு என்ன? கலை என்பார்கள் சிலர். பொழுதுபோக்கு என்பார்கள் வேறு சிலர். நம்ம தோழர்களிலேயே, 'நிலம் இல்ல, கூலி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல போட்டோ கண்காட்சி ஒண்ணுதான் குறைச்சல்' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நிலமும் கூலியும் எப்படி அரசியலோ, அப்படியே சுவரும் அரசியல்தான் என்பது எங்கள் கட்சி. அதை நிறுவுவதற்கு ஹார்லெமில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹார்லெம் நியூயார்க் நகரத்துக் கறுப்பர்களின் பகுதி. நமக்கு அது அந்நிய ஊர் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது. 1946-இல் அவர் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவைப் பற்றி விசாரித்தார். 1972-இல் பம்பாயில் பிறந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இது பங்காளி வீட்டுக் கதை.

1969 ஜனவரி 18 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 'என் நெஞ்சில் ஹார்லெம்' என்றொரு பிரமாண்டமான கண்காட்சி திறக்கப்பட்டது. 1900 முதல் 1968 வரையிலான ஹார்லெம் வாழ்க்கையைக் காட்டப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அருங்காட்சியகத்தின் இயக்குநர் தாமஸ் ஹோவிங். காட்சியை அமைத்தவர் ஆலன் ஷோனர். ரெண்டு பேருமே வெள்ளையர். ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கிய புகைப்படங்கள், திரையில் ஸ்லைடுகள், ஒலிபெருக்கியில் பேச்சும் பாட்டும். எல்லாம் இருந்தது. ஹார்லெமின் ஓவியர்கள் வரைந்த ஓவியம் ஒன்றுகூட இல்லை. சிற்பம் ஒன்றுகூட இல்லை. ஜேக்கப் லாரன்ஸ் போன்றவர்கள் அப்போது வரைந்துகொண்டுதான் இருந்தார்கள். கறுப்பர்களை ஆவணமாக மாட்டலாம், கலைஞர்களாக மாட்ட முடியாது. வெளியே சொல்லாத விதி அது. ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிக்கக் கூப்பிடுவான், கச்சேரி மேடையில் ஏத்தமாட்டான். நமக்குத் தெரியாத விதியா?

ஹார்லெம் பண்பாட்டு மன்றம் 1968-லேயே தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. பென்னி ஆண்ட்ரூஸ் முதலான கறுப்பின ஓவியர்கள் ஒரு கூட்டமைப்பை உருவாக்கி அருங்காட்சியக வாசலில் மறியல் செய்தார்கள். அந்த எதிர்ப்பில் ராய் டிகராவா என்ற புகைப்படக் கலைஞரும் சேர்ந்துகொண்டார். 1919-இல் ஹார்லெமிலேயே பிறந்தவர். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோடு சேர்ந்து 1955-இல் ஹார்லெம் குடும்பங்களின் அன்றாட வாழ்வைப் படநூலாக்கியவர். அவர் இந்தக் கண்காட்சிக்குப் படம் தர மறுத்தார். படங்களைச் சுவருக்கு அலங்காரமாகவும் தகவலாகவும் ஆக்கி, எடுத்தவனின் பார்வையை அழித்துவிடுகிற ஏற்பாடு அது என்பது அவருடைய தரப்பின் குற்றச்சாட்டு.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் வான் டெர் ஸீ. 1916-17 வாக்கில், அம்பேத்கர் நியூயார்க்கை விட்டுப் போன சமயம், ஹார்லெமில் ஸ்டுடியோ வைத்தவர். கல்யாணம், சாவு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மார்கஸ் கார்வியின் இயக்க ஊர்வலம் எல்லாவற்றையும் அரை நூற்றாண்டு படம்பிடித்தவர். பின்னால் வரைந்த திரை, நல்ல நாற்காலி, பூச்சாடி. வந்தவர் விரலில் மோதிரம் இல்லையா, நெகட்டிவில் கீறி மோதிரம் போட்டுவிடுவார். நம்ம ஊர் ஸ்டுடியோவில் இரவல் கோட்டும் கைக்கடிகாரமும் மாட்டிக்கொண்டு நின்ற நம் தாத்தன்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். பொய் என்று சிரிக்கலாம். 'நான் இப்படிப் பார்க்கப்பட வேண்டும்' என்று ஒருத்தன் சொல்லும் உரிமை அந்த மோதிரத்தில் இருக்கிறது. அதைப் பொய் என்று தள்ள நமக்கு மனமில்லை.

மெட்ரோபாலிட்டன் காட்சிக்காக ரெஜினால்ட் மெக்கீ என்ற ஆய்வாளர் வான் டெர் ஸீயைத் தேடிக் கண்டுபிடித்தபோது கிழவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் கண்காட்சியின் உயிரே அவர் படங்கள்தான் என்றானது. உலகத்துக்கே அவர் பெயர் தெரிந்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே 1969-இல் அவரும் அவர் மனைவியும் தாங்கள் குடியிருந்த, ஸ்டுடியோவும் இருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். படம் அருங்காட்சியகத்துச் சுவரில், படம் எடுத்தவர் தெருவில். சுவரில் இடம் கிடைப்பதும் சுவர் கையில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்போது ஆறு வருசம் பின்னால் போக வேண்டும். 1963-இல், இந்தப் பெரிய அருங்காட்சியகம் ஹார்லெமை நெஞ்சில் வைப்பதற்கு முன்பே, நியூயார்க்கின் கறுப்பினப் புகைப்படக்காரர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். 'கமோயிங்கே' என்று பெயர் வைத்தார்கள். கென்யாவின் கிக்கூயூ மொழியில் ஒன்றுசேர்ந்து செயல்படும் கூட்டம் என்று பொருள். கென்யா விடுதலை பெற்றதும் அதே 1963-இல். டிகராவா முதல் இயக்குநர். லூயிஸ் டிரேப்பர், ஆல்பர்ட் ஃபென்னர், ஆட்ஜர் கவன்ஸ், ஹெர்பர்ட் ராண்டல், ஷான் வாக்கர் போன்றவர்கள் தொடக்ககால உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அவரவர் எடுத்த படத்தை நடுவில் வைப்பார்கள். தயவுதாட்சணியம் இல்லாமல் விமர்சனம் நடக்கும். ஹார்லெமில் 139ஆவது தெருவில் ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்துத் தங்களுக்கென்று ஒரு காட்சிக்கூடம் நடத்தினார்கள். 1965-இல் அங்கே 'நீக்ரோப் பெண்' என்ற தலைப்பில் கூட்டுக் கண்காட்சி வைத்தார்கள். நீக்ரோ என்பது அந்தக் காலத்துச் சொல். அந்தக் கூடம் நெடுநாள் நிலைக்கவில்லை. கூட்டம் நிலைத்தது.

அப்போது பத்திரிகைகளில் ஹார்லெம் என்றால் கலவரம், போதை, குப்பை, இடிந்த வீடு. 1964 கலவரத்துக்குப் பிறகு இது இன்னும் அதிகமானது. கமோயிங்கே அந்தப் படத்துக்கு எதிர்ப்படம் எடுத்தது. எதிர்ப்படம் என்றால் அழகாகச் சோடித்துக் காட்டுவது என்று பொருளில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, இசைக்கலைஞர்கள், மழைக்குள் நடக்கிற ஆள், வெறுமனே தெருவில் விழும் நிழல். வறுமையும் அதில் இருந்தது, ஆனால் வறுமை மட்டுமே மனிதன் என்று அந்தப் படங்கள் சொல்லவில்லை. போராட்டத்தையும் அவர்கள் விடவில்லை. ஹெர்பர்ட் ராண்டல் 1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய், வாக்குரிமை இயக்கத் தோழர்களோடு தங்கிப் படமெடுத்தார்.

1968-இல் ஹார்லெமில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் 'ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகம்' தொடங்கியது. கறுப்பினக் கலைக்கென்று கறுப்பர் தெருவில் ஒரு கூடம். 1972-இல் அங்கே கமோயிங்கே குழு தன் படங்களை வைத்தது. படத்தில் இருக்கிறவன், எடுத்தவன், மாட்டினவன், பார்க்க வந்தவன் என்று நாலு பேரும் ஒரே தெருவில் சந்திக்கக்கூடிய இடம் அது. மெட்ரோபாலிட்டனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வராத காரியம் இது. அடுத்த ஆண்டு, 1973-இல், 'கறுப்பினப் புகைப்படக்காரர் ஆண்டுமலர்' வரத் தொடங்கியது. முதல் மலருக்கு முன்னுரை எழுதியவர் டோனி மாரிசன். 1980 வரை நாலு மலர்கள் வந்தன. சிற்றிதழ் நடத்துகிற நமக்கு நாலு மலர் என்றால் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு கடன் என்று தெரியும்.

நம்ம சொந்தக் கூடம் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. வான் டெர் ஸீ 1981-இல் வழக்குப் போட்டது மெட்ரோபாலிட்டன்மீது இல்லை. ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகத்தின்மீதுதான். தன் படத் தொகுப்பைத் திருப்பித் தரும்படி கேட்டு, தொண்ணூறு வயதைத் தாண்டிய மனிதர் நீதிமன்றம் ஏறினார். 1983-இல் அவர் இறந்து, 1984-இல்தான் சமரசம் வந்தது. நம் ஆள் நடத்துகிற அமைப்பு என்பதாலேயே அங்கே கணக்கு கேட்கக்கூடாது என்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கட்டும்.

பெரிய சுவர்கள் பிறகு தேடி வரத்தான் செய்தன. 2020-இல் ரிச்மண்ட் நகரத்திலுள்ள வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகம் கமோயிங்கே குழுவின் படங்களைப் பெரும் காட்சியாக வைத்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராயிருந்த ஊர் அது. டிரேப்பர் பிறந்த ஊரும் அதுதான். அவரோ 2002-லேயே இறந்துபோனார். 2021-இல் மெட்ரோபாலிட்டனும் ஸ்டுடியோ அருங்காட்சியகமும் கூட்டாக வான் டெர் ஸீயின் தொகுப்பை வாங்கின. சுமார் 20,000 படப்பிரதிகள், 30,000 நெகட்டிவ்கள். பழைய வாதியும் பிரதிவாதியும் ஒரே கூரையின்கீழ் என்று சந்தோசப்படலாம். ஆனால் காத்திருந்தவர்களுக்கு அது பயன்படவில்லை. அங்கீகாரம் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அவர்கள் ஒத்திப்போட்டிருந்தால் வாங்குவதற்கு ஒரு படமும் இருந்திருக்காது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். நம்மைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமும் பிடித்தார். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அச்சிட்டார். அந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர் இருக்கும். அந்த மனுசனின் பெயர் இருக்காது.

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல முடியும். கடன் மனுவோடு நம்ம சனங்க கொண்டுவருகிற பாஸ்போர்ட் அளவுப் படங்களைக் கோப்பில் ஒட்டுகிற வேலை எனக்குப் பழக்கம். கடன் கொடுத்த மாட்டோடு பயனாளியை நிற்கவைத்து எடுத்த படமும் கோப்பில் சேரும். மாட்டின் காதில் வில்லை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முகம் மங்கலாக இருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த படமே அவ்வளவுதான். சாவுக்குப் பிறகு அதைப் பெரிதாக்கித்தான் மாலை போடுகிறார்கள்.

மூன்றாவது வகை, பிணமாக. 1968 டிசம்பர் 25 கீழவெண்மணி. 44 பேர். எரிந்த குடிசையின் படம் நம் எல்லார் மனசிலும் இருக்கிறது. அந்த 44 பேரில் எத்தனை பேரின் சிரித்த முகம் நம் கண்ணில் தங்கியிருக்கிறது? வன்கொடுமைப் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சாட்சியம், அது இல்லாவிட்டால் வழக்கே நிற்காது. ஆனால் அளவெடுப்பும் பயனாளியும் பிணமும் மட்டுமே நம் ஆல்பம் என்றால், நம்மைப் பார்க்கிற கண் இன்னமும் அவனுடையதுதான்.

'யாரு எடுத்தா என்னய்யா, படம் படந்தானே' என்று கேட்கலாம். வெளியாள் எடுக்கவே கூடாது என்ற தீட்டுச் சட்டம் நமக்கு வேண்டாம், அந்தச் சட்டம் எழுதினவன் வேறு. யார் எடுத்தாலும் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எதை மாட்டுவது என்று யார் முடிவு செய்தார்கள்? கீழே யார் பெயர் இருக்கிறது? நெகட்டிவ், இன்றைக்கு டிஜிட்டல் கோப்பு, யாரிடம் இருக்கிறது? படத்தில் இருக்கிறவர் அதைப் பார்த்தாரா? மெட்ரோபாலிட்டன் 1969-இல் தோற்றது இந்தக் கேள்விகளில்தான்.

இங்கேயும் வேலை தொடங்கியிருக்கிறது. 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு 2017-இல் ஒளிப்பதிவு செய்த மதுரைக்காரர் எம். பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்து வருவதோடு, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவும் சொல்லிக்கொடுக்கிறார். இன்று பாதிப் பேர் கையில் கேமரா உள்ள செல்பேசி இருக்கிறது. கருவி இல்லை என்ற சாக்கு போய்விட்டது. இல்லாதது கூட்டம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 'இந்தப் படம் ஏன், அந்தப் படம் ஏன் இல்லை' என்று சண்டை போடுகிற கூட்டம்.

மாணவத் தோழர்களே, இயக்கத் தோழர்களே, நகரத்துக் கலைக்கூடம் அழைப்பிதழ் அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவுப் பாடசாலைச் சுவர் போதும், சமுதாயக்கூடத்துச் சுவர் போதும். எதை மாட்டுவது என்பதைத் தெருவே உட்கார்ந்து தீர்மானிக்கட்டும், அதில் பெண்கள் பாதியாவது இருக்கட்டும். பெயர் போடலாமா என்று கேட்டு, சம்மதித்தால் முழுப்பெயரையும் போடுங்கள். 'ஒரு தொழிலாளி', 'ஒரு மூதாட்டி' என்ற வேலை வேண்டாம். ஒரு பிரதியைச் சட்டம் போட்டு அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூலப் படம் யாருக்குச் சொந்தம் என்பதை வெள்ளைத் தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வான் டெர் ஸீ கிழவரை நீதிமன்றத்துக்கு அலையவிட்டது அப்படியொரு தெளிவு இல்லாமல் போனதுதான்.

நிலத்துக்கும் கூலிக்கும் நடக்கிற போராட்டத்தை இது ஒருநாளும் ஈடுகட்டாது. ஆனால் அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள் யார், எப்படிச் சிரித்தார்கள், எந்தச் சட்டையை ஆசையாய்ப் போட்டார்கள் என்பதை நாளைக்கு வருகிற பிள்ளைகள் தர்ஸ்டனின் தொகுதியில் போய்த் தேடக்கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூடுங்கள்.