கடன் வாங்கிக் கடல் கடக்கும் செவிலியர்

இராக்கின் திக்ரித் நகரில் ஆயுதக் குழுவிடம் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் 2014 ஜூலையில் எர்பில் வழியாகக் கொச்சி வந்து சேர்ந்தபோது நாடே நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதியில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போனது. குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் ஊர் திரும்பத் தயங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். சம்பளம் பாக்கி. ஏஜென்டுக்குக் கட்டிய லட்சங்களும் படிக்க வாங்கிய கடனும் ஊரில் வட்டியோடு காத்திருந்தன.

செவிலியர் வெளிநாடு செல்வதைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள்தான் உண்டு. இங்குள்ள வார்டுகளைக் காலிசெய்துவிட்டுப் போகிறார்களே என்ற புலம்பல் ஒன்று. அந்நியச் செலாவணி கொண்டுவருகிறார்களே என்ற பெருமிதம் மற்றொன்று. போகும் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. போன இடத்தில் அவர் நிமிர்ந்து வேலை பார்ப்பாரா, வாய் திறக்க முடியாமல் கிடப்பாரா என்பதைத் தீர்மானிப்பதே அந்தக் கேள்விதான்.

சட்டமும் சந்தையும்: 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நடப்பது வேறு. குவைத் சுகாதாரத் துறை வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கியதாக 2015இல் கொச்சியில் சிபிஐ வழக்குப் பதிந்தது. குடிபெயர்வோரைக் காப்பதற்காகவே நியமிக்கப்பட்ட மத்திய அரசு அதிகாரியும் அதில் குற்றம்சாட்டப்பட்டார்.

அதே ஆண்டு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்றவை இந்தப் பொறுப்புக்கு வந்தன. நல்ல முடிவுதான். ஆனால், பிரிட்டன், ஜெர்மனி, அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. இன்றைய இளம் செவிலியரின் கனவோ அந்த நாடுகள்தான்.

வேலை தேடுவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டனின் நடத்தை விதிகள் சொல்கின்றன. அங்கே செவிலியராகப் பதிவுபெற ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அதன்பின் செய்முறைத் தேர்வு என்று பல படிகள் உண்டு. ஆங்கிலத்தில் தடுக்கி நின்றவர்களுக்கு 2022க்குப் பிறகு ஏஜென்டுகள் காட்டிய குறுக்குவழி, முதியோர் பராமரிப்புப் பணியாளர் விசா. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிப்போருக்கு அந்த வாசலும் மூடப்பட்டது. அந்த விசாவில் போனவர் குறிப்பிட்ட முதலாளியிடம் மட்டுமே வேலை பார்க்கலாம். அந்த முதலாளியின் உரிமம் ரத்தானால், வேறு இடம் தேட வழக்கமாக 60 நாள்களே அவகாசம். தலைமேல் கடன் இருப்பவர் எந்த அநியாயத்தைப் பற்றிப் புகார் கொடுப்பார்?

யாருக்குத் தேவை? உலகில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. ஏழு செவிலியரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். இவ்வளவு கிராக்கி இருக்கும் சந்தையில், வேலை கொடுப்பவர் அல்லவா பணம் செலவழிக்க வேண்டும்? அப்படிச் செய்தால் காரியம் நடக்காது என்ற வாதத்தை, 2021 டிசம்பரில் நோர்க்கா ரூட்ஸும் ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு முகமையும் செய்துகொண்ட ‘டிரிபிள் வின்’ ஒப்பந்தம் உடைத்துவிட்டது. ஜெர்மன் மொழிப் பயிற்சி முதல் விமான டிக்கெட் வரை செவிலியருக்குச் செலவில்லை. இதில் போகிறவர் பெரும் எண்ணிக்கையில் இல்லை. ஆனால், முடியும் என்பதற்கு இந்தச் சான்று போதும்.

ஏஜென்டின் மூலதனம்: தெரிந்தே இத்தனை லட்சம் கொடுக்கச் செவிலியர்கள் ஏன் சம்மதிக்கிறார்கள்? இங்கே கிடைக்கும் சம்பளத்தில் படிப்புக் கடனை அடைக்க முடியாது என்பதால். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராய உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றது. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 ஆக்கி ஆணையிட்டது. தமிழ்நாட்டிலோ, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று அரசுப் பணிக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்களே 7,700 ரூபாய்ச் சம்பளத்தை எதிர்த்து 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. பிறகு தொகுப்பூதியம் உயர்ந்தது. ஆனால், ஒப்பந்த முறை ஒழியவில்லை. நாம் கொடுக்காத சம்பளம்தான் ஏஜென்டுக்கு மூலதனம்.

போகாதே என்று தடுப்பது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. மாவட்ட அரசு நர்சிங் கல்லூரிகளிலேயே மொழித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கலாம். 2016 குழுவின் பரிந்துரையைத் தமிழ்நாடு சட்டமாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நாட்டோடு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் போட்டாலும் அதில் ஒரு விதி கட்டாயம் இடம்பெற வேண்டும்: செவிலியரிடம் யாரும் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, இடையில் யார் வாங்கியிருந்தாலும், வேலை கொடுத்த மருத்துவமனையே அதைத் திருப்பித் தர வேண்டும்.