படகு எஞ்சினுக்குப் பித்தளை பிளக்தான்

மிச்சிகனில் அக்டோபர் வந்தால் இலை நிறம் மாறுவதைப் படம் எடுப்பவர்கள் ஒரு கோஷ்டி. ஏரிக்கரையில் படகு எஞ்சினைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் இன்னொரு கோஷ்டி. அறைத்தோழன் ஒரு பழைய படகு வாங்கிய புண்ணியத்தில் போன வருடம் நானும் இரண்டாவதில் சேர்ந்தேன்.

இந்தப் படகுகள் பலவற்றில் ஏரித் தண்ணீர்தான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. அது உள்ளேயே தங்கிக் குளிரில் உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். எஞ்சின் காலி! அதனால்தான் தண்ணீரை வடிக்க எஞ்சின் பிளாக்கின் அடியில் மரை போட்ட அடைப்புகள் வைத்திருக்கிறார்கள். டிரெயின் பிளக் என்பது இதுதான்.

நாங்கள் கழற்றப் போனபோது ஒரு பிளக் அசையவே இல்லை. எங்களுக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, வீட்டுக் குழாய்க்குப் போடும் இரும்பு பிளக்கை மாட்டியிருக்கிறார். துருப்பிடித்துப் பிளாக்கோடு ஐக்கியமாகிவிட்டது. ஸ்பேனர் போட்டதில் தலை மழுங்கியதுதான் மிச்சம். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, தட்டி, காத்திருந்து, ஒருவழியாக வெளியே வரும்போது இருட்டிவிட்டது. அப்புறமும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சரி, காலி என்று கிளம்ப இருந்தோம். பக்கத்துப் படகுக்காரப் பெரியவர் வந்து ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். அடைத்திருந்த துருச்சேறு உடைந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது.

புது பிளக் வாங்கும்போது எல்லோரும் "ஒழுகாதா?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், "அடுத்த அக்டோபரில் கழலுமா?" என்று கேட்க வேண்டும். ஒழுகினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், கழலாததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பித்தளை துருப்பிடிக்காது. இரும்பைவிட மெத்து என்பதால் கோணலாகத் திருகினாலும் பெரும்பாலும் பிளக்கின் மரைதான் போகும், பிளாக்கின் மரை தப்பும். பிளக் சில டாலர், பிளாக் சில ஆயிரம் டாலர். நம்மவர்களுக்கு எவர்சில்வர் என்றால் தனி மரியாதை. ஆனால் அந்தக் கடினம் இங்கே எனக்குப் பிடிக்கவில்லை. கையாலேயே திருகும் பிளாஸ்டிக் பிளக்குகள் உண்மையில் நல்ல யோசனை. ஸ்பேனர் வேண்டாம், சோம்பேறிகூடக் கழற்றிவிடுவான். ஆனால் வயதானால் காது ஒடிந்து, மிச்சம் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைப் போட்டால் அடிக்கடி மாற்றிவிட வேண்டும். (கடலில் ஓடும் படகின் அடிப்பக்க அடைப்புக்கு மட்டும் வெண்கலம். உப்புத் தண்ணீர் பித்தளையில் உள்ள நாகத்தைத் தின்றுவிடும்.)

கடைக்குப் பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோங்கள். சில மரைகள் நுனி நோக்கிக் குறுகும், சில நேராக இருந்து வாஷரால் அடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குறுகும் மரையை "இன்னும் ஒரு சுற்று" என்று இறுக்கினால், பனி செய்யாத விரிசலை நீங்களே செய்துவிடுவீர்கள்.

வாங்கிய பிளக்குகளைக் குளிர்காலம் முழுக்க மாட்டவே இல்லை. ஒரு பையில் போட்டுப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். வசந்தத்தில் சாவியை எடுத்தவன் பையை அவிழ்க்காமல் எஞ்சினைக் கிளப்ப முடியாது. அறைத்தோழனை நம்பி வேறு எப்படிச் செய்வது :-)