வீட்டில சும்மாதான் இருக்கிறாளாம்!

"உங்கட மகள் இப்ப என்ன செய்றா?"

"ஒண்டுமில்ல, வீட்டில சும்மாதான் இருக்கிறா."

குறிஞ்சிப்பிட்டியில எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வியும் பதிலும் காதில விழும். அந்தச் 'சும்மா'வுக்குள்ள என்னென்ன இருக்கெண்டு யாரும் கேட்கிறதில்ல. குரோஷேயில பின்னின தொப்பி, பழைய சாரியில தைச்ச தலையணை உறை, இரவல் வாங்கி மூன்று தரம் வாசிச்ச நாவல், கொப்பியின் கடைசிப் பக்கத்தில ஒளிச்சு வைச்ச கவிதை. இதெல்லாம் சும்மா. ஆனா நானா பின்னேரம் முழுக்கப் பந்தடிச்சிட்டு இருட்டினாப் பிறகு வந்தா, அதுக்குப் பேர் பொழுதுபோக்கு!

அரசாங்கத்தின் கணக்கும் இப்படித்தான். தொழிற்படை அளவீட்டில், வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்க்கும் பெண் 'பொருளாதார ரீதியில் செயலற்றவர்' என்ற பெட்டிக்குள் விழுகிறாள். நம்மட உம்மும்மாமார் பனையோலையில நீத்துப்பெட்டியும் பாயும் இழைச்சாங்க. அதில அவிச்ச புட்டைத் திண்டவங்க யாரும் அவங்களைக் கலைஞர் எண்டு சொல்லல்ல.

இப்ப இன்னொரு கூட்டம் வந்திருக்கு. "இவ்வளவு வடிவாச் செய்றியே, ஃபேஸ்புக்கில பேஜ் ஒண்டு திறந்து வித்தா என்ன?" விருப்பமிருந்தா விக்கட்டும். காசு வந்தாத்தான் மரியாதை எண்டா, அது பாராட்டில்ல. சும்மா இருக்கிறாள் எண்ட அதே பேச்சு, விலைச்சீட்டோட வருது.

மூன்றாவது கூட்டத்தோடதான் எனக்குப் பெரிய சண்டை. மழை, கோப்பி, புத்தகம், ஜன்னலோரம் எண்டு படம் போட்டு, "வீட்டுப்பறவை வாழ்க்கைதான் நிம்மதி" என்கிறவர்கள். எனக்கும் அந்த ஜன்னலோரம் பிடிக்கும். ஆனா கேட்கவேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு: அந்த வீட்டின் கதவு யார் கையில?

எமிலி டிக்கின்சன் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் பிறந்து, கடைசிக் காலத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதே அரிதாகி, 1886இல் இறந்தார். விட்டுப்போனவை ஏறத்தாழ 1,800 கவிதைகள். அவருக்குத் தகப்பனின் பெரிய வீடு இருந்தது, தனி அறை இருந்தது. வீட்டு வேலைக்கு மார்கரெட் மேகர் என்ற பணிப்பெண்ணும் இருந்தார்.

இனித் துவரங்குறிச்சிக்கு வாங்க. திருச்சி மாவட்டத்து ஊர். நம்மைப் போல முஸ்லிம் வீடு. வயசுக்கு வந்ததோட பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்ட பெண் ஒருத்தி, வீட்டுக்குள்ளேயே வாசித்தார். கலியாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டுக்குத் தெரியாமல், இரவில் ஒளிந்து எழுதினார். எழுதியதை ரகசியமாக வெளியே சேர்த்தது அவருடைய தாய். அவர்தான் சல்மா. 2001இல் பேரூராட்சித் தலைவரானார். 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது.

"பாத்தியா, வீட்டுக்குள்ள இருந்தும் சாதிக்கலாம்" எண்டு இந்தக் கதையை நமக்கே திருப்பிச் சொல்றவங்க இருக்கிறாங்க. இல்ல! அடைச்ச கதவு சல்மாவை எழுத்தாளராக்கல்ல. அந்தக் கதவையும் மீறி அவர் எழுதினார். மீற முடியாமல் போனவங்களின் பேர் நமக்குத் தெரியாது. அவங்களின் கொப்பிகள் அடுப்பு மூட்டப் போயிருக்கும்.

"வெளியில பாதுகாப்பில்லையே மகள்" எண்டு சாச்சிமார் சொல்றது பொய்யில்ல. றோட்டில தொல்லை குடுக்கிறவன் இருக்கிறான். அப்ப திருத்த வேண்டியது அவனையா, தையல் ஊசியோட உள்ள இருக்கிறவளையா?

கேட்கிறது பெரிசா ஒண்டுமில்ல. நாளுக்கு ஒரு மணித்தியாலம், "தேத்தண்ணி போடு" எண்டு யாரும் கூப்பிடாத நேரம். நூலகத்தில அவள் பேரில ஒரு அங்கத்துவ அட்டை. நூலோ புத்தகமோ வாங்கப் புத்தளம் பஸ்ஸில ஏறினா, ஏழு பேரிட்ட அனுமதி கேட்காத பயணம். போயிட்டு வந்து, அவளாகவே கதவைச் சாத்திட்டுப் பின்னட்டும், வாசிக்கட்டும், வேணுமெண்டா ஒண்டும் செய்யாமலே இருக்கட்டும்.

அப்ப சொல்லுங்க, வீட்டில சும்மா இருக்கிறாள் எண்டு. அவளும் சிரிச்சிட்டு ஓம் எண்டு சொல்லுவாள்.