சாம்பல் நீலம் அடிக்கலாம், பாட்டியைக் கேட்டுட்டு அடிங்க

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனால் ஏதாவது ஒரு வருஷம் இந்தப் பேச்சு வந்தே தீரும்: வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும். உடனே நாம மொபைலை நீட்டுவோம். படத்தில் ஒரு சோஃபா, ஒரு மணி பிளான்ட், பின்னால் மெல்லிய சாம்பல் நீலச் சுவர். "சிமெண்ட் பூசுன மாதிரியே இருக்கு, இதுக்கு எதுக்குடா பெயிண்ட்?" என்பார் அப்பா. அம்மா சந்தனக் கலரை விட்டு நகர மாட்டார். பாட்டி மட்டும் மெதுவாக, "இருட்டா இருக்குமேப்பா" என்பார்.

என் ஓட்டு சாம்பல் நீலத்துக்குத்தான். இது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் என்பவர்கள் சுண்ணாம்பு வாளியை மறந்துவிட்டார்கள். வெள்ளையடிக்கும்போது அதில் கொஞ்சம் நீலம் கலப்பது நம் ஊர் வழக்கம். சுண்ணாம்பில் இருக்கும் லேசான மஞ்சளை நீலம் அடக்கிவிடும். வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அந்த நீலத்தின் பெயர் அல்ட்ராமரீன். ஒரு காலத்தில் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்த, தங்க விலைச் சரக்கு. அதைச் செயற்கையாகச் செய்து காட்டியதற்காக 1828-ல் பிரான்சில் கிமே என்பவர் பரிசு வாங்கினார்; அப்புறம்தான் அது சாதாரண வீட்டு வாளி வரைக்கும் வந்தது. நீலம் ஒரு கை கூடிப்போன பழைய சுவரை சாயங்காலத்தில் பார்த்திருக்கிறீர்களா? நான் சொல்லும் கலர் அதுதான்.

ஆனால் கலரைப் பற்றி நாம் படிக்கும் டிப்ஸ் எல்லாம் வேறு வெயிலுக்கு எழுதியது. "வடக்கு பார்த்த அறைக்கு நீலம் ஆகாது, வெயிலே வராது" என்பது லண்டனுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் சூரியனே நமக்கு வடக்கில்தான் நிற்கிறது. நமக்கு நிஜப் பிரச்சினை பக்கத்து வீட்டுச் சுவர். ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் அவர்கள் வீட்டு ஆரஞ்சு கலர். அந்த வெளிச்சம் உள்ளே வந்தால் எந்த ஷேட் கார்டும் உதவாது.

அடுத்தது டியூப் லைட். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் இந்தக் கலர் ஆஸ்பத்திரி வார்டாகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் நீலம் பதுங்கி வெறும் சாம்பல் நிற்கும். 4000 பக்கம் ஒரு பல்பு போட்டால் தப்பிக்கலாம். தேக்குக் கதவு, சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் கவலையே வேண்டாம், பக்கத்தில் நிற்கும்போது நீலம் தானாக எடுத்துக் கொடுக்கும். "ரூம் குளிர்ச்சியா ஆகும்"னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. சூடு இறங்க மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கணும்.

இப்போ பாட்டிக்கு வருவோம். அவர் சொன்னது பழமைவாதம் இல்லை, ஆப்டிக்ஸ். வயசாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளாகிறது. மஞ்சள் ஃபில்டர் முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். நமக்கு அமைதியாகத் தெரியும் அதே சுவர் அவருக்கு அழுக்குச் சாம்பல். கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்களில் சிலர் "எல்லாம் நீலமா தெரியுது" என்று ஆச்சரியப்படுவதும் இதனால்தான். நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது அவர். நாம ஹாஸ்டலிலிருந்து வருஷத்துக்கு நாற்பது நாள் வந்து போகிறவர்கள். இதில் "உனக்கு ஒண்ணும் தெரியாது பாட்டி" என்பது அநியாயம்.

அதற்காகக் கலரைக் கைவிடவும் வேண்டாம். ஷேட் கார்டில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள், சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் சதவீதம் அது. அறை முழுக்க ஒரே பிரதிபலிப்பு என்று வைத்துக்கொண்டால் வெளிச்சம் திரும்பத் திரும்ப மோதிக் கூடும் அளவு 1/(1−ρ). 0.5 என்றால் 2 மடங்கு, 0.8 என்றால் 5 மடங்கு. வித்தியாசம் அவ்வளவு! அதனால் 65-க்கு மேல் இருக்கும் ஷேடாக எடுங்க, மேல்தளத்தை வெள்ளையாகவே விடுங்க. ஒரு லாபமும் உண்டு: வெள்ளைச் சுவரில் தொலைந்துபோகும் வெள்ளை சுவிட்ச் போர்டு இதில் பளிச்சென்று தெரியும், ராத்திரி எழுந்திருக்கும் பாட்டிக்குத் தடவ வேண்டியதில்லை. அவர் அறைக்கு மட்டும் அவர் சொல்லும் கலர்.

சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்க. சாம்பல் நீலத்தில் உப்பு பூத்தால் சந்தனத்தை விட மோசமாகத் தெரியும்.

பிறகு சின்ன டப்பா வாங்கி, இருட்டான சுவரில் இரண்டுக்கு இரண்டு அடி, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்க. காலையில், மதியம், லைட் போட்ட பிறகு என மூன்று வேளையும் பாட்டியைக் கூட்டிவந்து காட்டுங்க. பிடித்துப்போனால் டப்பா மூடியில் இருக்கும் ஷேட் கோடை போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அடுத்த வருஷம் டச்-அப்புக்குக் கடைக்காரர் கேட்பார்.