பூட்டைச் செய்தவர் பலர், பார்த்தவர் யார்?

தம் வீட்டுப் பூட்டின் உள்ளமைப்பைப் படம் வரைந்து ஊரார்க்குக் காட்டுவார் எவரேனும் உளரோ என்று வினவினால், இலர் என்றே நேயர்கள் விடை கூறுவர். மறைகுறியாக்கக் கலையில் வல்லவர்கள் கூறுவதோ இதற்கு நேர்மாறானது. ஒல்லாந்திற் பிறந்து பாரிஸ் நகரில் ஜேர்மன் மொழி கற்பித்த ஓகுஸ்ற் கெர்க்கோவ்ஸ் என்னும் பேராசிரியர், 1883-ஆம் ஆண்டில் இராணுவ விஞ்ஞான சஞ்சிகையொன்றில் ஒரு நெறியை வகுத்துரைத்தார். மறைகுறி முறை முழுவதும் பகைவர் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரலாகாது. திறப்பு ஒன்று மாத்திரம் மறைவாக இருந்தாற் போதும் என்பதே அந்நெறி.

இன்று வங்கிக் கணக்கைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும் தந்தையாரும், வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குச் செய்தி அனுப்பும் தாயாரும், அறிந்தோ அறியாமலோ இந்நெறியை நம்பியே இருக்கின்றனர். அச்செய்திகளை மறைகுறியாக மாற்றும் நிரல்களுட் பல, யாவரும் படிக்கத்தக்கவாறு திறந்து வைக்கப்பட்டவை. அவற்றுள் மிகப் பரவிய ஒன்று ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் நிரல் தொகுதியாகும். பிற நிரல்களை எழுதுவோர் வேண்டியபோது எடுத்தாளும் பொருட்டு அமைந்தமையால், இத்தகைய தொகுதியை நிரலகம் என்பர்.

இதன் மூலத்தை 1995-ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவில் எரிக் யங், ரிம் ஹட்சன் என்னும் இருவர் எழுதினர். யங் தம் பெயரின் முதலெழுத்துக்களையே அதன் பெயரோடு சேர்த்துவிட்டார். பலமான மறைகுறி முறைகளைப் படைக்கலங்களுக்கு ஒப்பாகக் கருதி, அவற்றின் ஏற்றுமதியை அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. ஆதலின் அந்நாட்டுக்கு வெளியே எழுந்த இந்நிரலை உலகம் ஆவலுடன் ஏற்றது. அவ்விருவரும் 1998-இல் வேறு பணிக்குச் செல்லவே, ஆர்வலர் சிலர் அதனை ஏற்று ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் பெயரில் நடத்தலாயினர்.

திறந்து கிடக்கும் நிரலைப் பல கண்கள் பார்க்கும்; ஆகவே பிழை தங்காது என்பது இத்துறையிற் பலகாலமாகச் சொல்லப்பட்டு வந்த உறுதிமொழி. பார்க்கலாம் என்பதற்கும் பார்த்தார்கள் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்த உறுதிமொழி அளந்து பார்க்கவில்லை என்பதே நமது எண்ணம். நடந்தவற்றைக் கேளுங்கள்.

டெபியன் என்னும் இயக்கு முறைமையைத் தொகுப்போருள் ஒருவர், 2006-ஆம் ஆண்டில், சோதனைக் கருவியொன்று குறைகூறிய இரு வரிகளை இந்நிரலிலிருந்து நீக்கினார். நீக்குமுன் உரியவர்களிடம் கேட்டும் இருந்தார், மறுப்பு எழவில்லை. ஆயின் அவ்வரிகளுள் ஒன்றே, திறப்புக்களை ஆக்குதற்கு வேண்டிய ஊகிக்கவியலாத எண்களைக் கலந்து தருவதாயிருந்தது. அது போகவே, எஞ்சியது 32,768-க்கு மேற்படாத ஓர் எண் மாத்திரம். உலகத்துப் பூட்டுக்கெல்லாம் முப்பத்தீராயிரம் திறப்புக்களே செய்து விற்ற கொல்லனை எண்ணிப் பாருங்கள்! கணினிக்கு அத்தனையையும் முயன்று பார்ப்பது சிறு பொழுதிற் செய்யக்கூடிய வேலை. 2008-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆந் திகதி இது வெளியாகும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள் ஒருவரும் உரைக்கவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் பெரிது. தொடர்பிலுள்ள இரு கணினிகள், ‘இருக்கிறாயா?’ என்று ஒன்றையொன்று இடையிடையே விசாரிக்கும் வசதியொன்று இந்நிரலிற் சேர்க்கப்பட்டது. இதயத்துடிப்பு என்று அதற்குப் பெயர். ஒரு கணினி ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளம் இவ்வளவு என்றும் சொல்லும். மற்றது அச்சொல்லை அப்படியே திருப்பியனுப்ப வேண்டும். ‘நலமா’ என்ற மூன்றெழுத்தை அனுப்பிவிட்டு, ‘நான் அனுப்பியது அறுபதினாயிரம் எழுத்து’ என்று ஒருவன் பொய் சொன்னால் என்னாகும்? எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நிரலில் எழுதப்படவில்லை. ஆகவே அக்கணினி மூன்றெழுத்தைத் தந்தபின், தன் நினைவகத்தில் அதனை அடுத்துக் கிடந்தவற்றையெல்லாம் வாரிக் கொடுத்தது. பிறருடைய கடவுச்சொற்கள், கடிதங்கள், சில வேளைகளில் அந்தத் தளத்தின் இரகசியத் திறப்பே கூட அதில் அடங்கும். ஒரு முறைக்கு 64 கிலோபைற் வரை. எத்தனை முறையும் கேட்கலாம். கேட்டதற்குச் சுவடும் பெரும்பாலும் இராது.

அந்த வரிகளை ஒருவர் எழுதினார். மற்றொருவர் பரிசோதித்து, 2011-ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு சேர்த்துக்கொண்டார். புத்தாண்டு பிறக்கும் தறுவாயிலும் ஊதியம் கருதாது உழைத்தோரை ஏசுதற்கு நமக்கு மனம் வரவில்லை. 2012 மார்ச் மாதம் அது வெளியாயிற்று. 2014 ஏப்ரல் 7-ஆந் திகதி, கூகிள் நிறுவனத்தார் ஒருவரும் பின்லாந்துப் பொறியியலாளர் சிலரும் தனித்தனியே கண்டுபிடித்த இப்பிழை, ‘இதயக் கசிவு’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் உலகறிய வந்தது. கனடா நாட்டு வருமானவரித் திணைக்களத்திலிருந்து மாத்திரம் ஏறக்குறைய 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் களவாடப்பட்டன.

அதன் பின்னரே இப்பணியின் வரவு செலவு பலர்க்குத் தெரியவந்தது. கோடிக்கணக்கான டொலர் வாணிபம் தங்கியிருந்த இந்நிரலுக்கு ஆண்டொன்றில் வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர். முழுநேரமும் உழைத்தவர் ஒருவரே. பெருங் கம்பனிகள் இலவசமாக எடுத்துக்கொண்டன. ‘வேறு யாரோ பார்த்திருப்பர்’ என்று ஒவ்வொன்றும் எண்ணியது போலும். பின்பு லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியால் நிதி திரண்டு, முழுநேர நிரலாளர் இருவர்க்கு ஊதியம் கிடைத்தது. ஓப்பின் பி.எஸ்.டி. குழுவினரோ பொறுக்கமாட்டாமல் அந்நிரலைத் தனியே பிரித்தெடுத்து, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெட்டி எறிந்தனர். எவரிடமும் அனுமதி கேளாது இவ்வாறு செய்ய இயன்றது உரிமப் பத்திரம் இடங்கொடுத்தமையால் அன்றோ?

அந்தப் பத்திரமும் ஒரு சிக்கலே. விளம்பரஞ் செய்யுமிடத்து ஆக்கியோன் பெயரைக் கூறியே தீரவேண்டும் என்னும் நிபந்தனை அதில் இருந்தது. கேட்பதற்கு நியாயமானதுதான். ஆனால் ஜி.பி.எல். என்னும் மற்றொரு பொது உரிமம், தான் விதித்தவற்றுக்கு மேல் எந்நிபந்தனையும் சேரலாகாது என்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே நிரலில் இணைப்பவர் விதிவிலக்கு எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. பயந்தோர் வேறு நிரலகத்தை நாடினர். பாதுகாப்பு எது என்று பார்த்துத் தேராது, சட்டத்துக்கு இசைவது எது என்று பார்த்துத் தேரும் நிலை இதனால் வந்தது.

இதனை மாற்றி அப்பாச்சி உரிமத்தின் 2-ஆம் பதிப்பை ஏற்கத் தீர்மானித்தபோது, எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டப்பட்டது. ஒவ்வொரு வரியும் எழுதியவனுக்கே உரியது அன்றோ. 2017-ஆம் ஆண்டு ஏறக்குறைய 400 பேருக்கு மின்னஞ்சல் போயிற்று. விடை வராவிடின் ஆட்சேபனை இல்லை எனக் கொள்வோம் என்று அதில் எழுதியிருந்தமை கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மௌனம் சம்மதம் என்பது கலியாணப் பேச்சுக்கு ஏற்றதாயிருக்கலாம். பிறர் உடைமைக்கு அதனைப் பிரயோகித்தல் தகுமோ? 2018 மார்ச் மாதத்தில், எங்கிருக்கின்றனர் என்று அறியவியலாத எழுத்தாளர்களின் பெயர்களைப் பகிரங்கப்படுத்தி, அவர்களைத் தேடித்தருமாறு பொதுமக்களையே கேட்டனர். புதிய உரிமத்துடன் 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டெம்பர் 7-ஆந் திகதி. அப்போதும் ஜி.பி.எல். உரிமத்தின் 3-ஆம் பதிப்போடு தான் அது இசைந்தது. 2-ஆம் பதிப்பை மாத்திரம் பற்றி நிற்போர்க்குச் சிக்கல் தீரவில்லை.