சங்க மருந்துக்கடையும் மருந்தாளுநர் நாற்காலியும்

நீலகிரி மாவட்டத்துச் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் சமீப காலமாக ஒரு தீர்மானம் அடிக்கடி தலைகாட்டி வருகிறது. சங்கத்தின் பேரால் ஒரு மருந்துக்கடை திறக்க வேண்டும் என்பதே அது. தமிழக அரசு 2025-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி மாநிலமெங்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கி, அவற்றுள் ஏறத்தாழப் பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் விட்டதிலிருந்து இந்த ஆர்வம் மிகுந்துள்ளது. 2014 முதல் அம்மா மருந்தகம் என்ற பெயரிலும் நம் பண்டகசாலைகள் மருந்து விற்று வந்துள்ளன. ஆகையால் கூட்டுறவுக்கு இது புதுத் தொழிலன்று.

ஆர்வம் நியாயமானதே. மஞ்சூரைச் சுற்றியுள்ள ஓர் ஊரிலிருந்து இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாதத்து மாத்திரை வாங்க உதகைக்குப் பஸ் ஏறும் தேயிலை விவசாயிக்கு அன்றைய பகல் முழுவதும் போய்விடுகிறது. பறிக்க வேண்டிய கொழுந்து செடியிலேயே முற்றிப் போகிறது. மாத்திரையின் விலையைவிட அதை வாங்கப் போகும் செலவு அதிகம். அதனாலேயே பலர் பாதி மாதம் மருந்தின்றிக் கழிக்கின்றனர். சங்கம் இதற்குப் பரிகாரம் தேடாமல் வேறு யார் தேடுவர்? எனினும் தீர்மானத்தை முன்மொழிகிறவர்கள் பேச்சை நாம் உற்றுக் கேட்கும்போது, கடைக்கு வேண்டியவை ஓர் அறையும், சில அலமாரிகளும், லைசென்சு என்னும் ஒரு காகிதமும் தாம் என்று அவர்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. இங்கேதான் நாம் மாறுபடுகிறோம்.

சட்டம் கேட்பவற்றை முதலில் சொல்லி விடுவோம். 1940-ம் வருஷத்திய மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், அதன்கீழ் 1945-ல் ஏற்பட்ட விதிகளும் இத்தொழிலை ஆள்கின்றன. சில்லறை விற்பனைக்கு 19-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவான மருந்துகளுக்கு 20-ம் எண் லைசென்சும், இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றிற்கு 21-ம் எண் லைசென்சும் பெறவேண்டும். கட்டணம் ஒவ்வொன்றிற்கும் ரூ. 1,500. கடையின் பரப்பு பத்துச் சதுர மீட்டருக்குக் குறையலாகாது; நம் கணக்கில் சுமார் 108 சதுர அடி. லைசென்சைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி மாட்டி வைத்தல் வேண்டும். ஐந்து வருஷத்திற்கு ஒரு முறை அதை நீடிப்பதற்கான கட்டணம் செலுத்த வேண்டும். இரண்டிடத்தில் விற்றால் இரண்டிடத்திற்கும் தனித்தனி லைசென்சு. இவற்றிற்கெல்லாம் முன்னதாக, மருந்து வியாபாரம் செய்யச் சங்கத்தின் துணைவிதியில் இடமிருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் பொதுக்குழுவில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு செய்து கொள்வது முறை.

இவற்றில் பெருங்கஷ்டம் எதுவுமில்லை. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் மட்டும் இடத்திற்கான பத்திரம் சிக்கலாகலாம். 1969-ம் வருஷத்திய கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவில் சிக்கிய நிலங்களில் பட்டாவும் இல்லை, மின் இணைப்புப் பெறுவதும் பெரும்பாடு என்பது அங்குள்ள அங்கத்தினர் அறிந்ததே. அத்தகைய இடத்தில் வாடகை மலிவு என்று அறை பிடிப்பதைவிடச் சங்கத்தின் சொந்தக் கட்டடத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பது நலம்.

நாம் வற்புறுத்த விரும்புவது மருந்தாளுநரைப் பற்றி. முற்காலத்தில் கம்பவுண்டர் என்று அழைத்தோமே, அவரல்லர் இவர். 1948-ம் வருஷத்திய பார்மஸி சட்டத்தின் 42-ம் பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியதாக ஆக்கியுள்ளது. 1945-ம் வருஷத்து விதிகளில் 65-ம் விதியும், சீட்டுக்குரிய மருந்து அவர் கையாலோ அவருடைய நேர்ப் பார்வையிலோதான் போக வேண்டும் என்கிறது. நேர்ப் பார்வை என்றால் அவர் கடையில் இருக்க வேண்டும் என்றே பொருள். கடை காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடுமானால், அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அந்த நாற்காலியில் ஆள் இருந்தாக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தாலும், கல்யாணத்திற்கு ஊர் போனாலும், அன்றைக்குச் சீட்டு மருந்து கிடையாது என்று எழுதிப் போட வேண்டியதுதான்.

நடப்பது என்ன? சான்றிதழை மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடும் மருந்தாளுநர்களும், வாடகைக்கு எடுக்கும் கடைக்காரர்களும் நாடெங்கும் உண்டு. சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்கும். மேஜைக்குப் பின்னால் பத்தாவது படித்த பையன் நிற்பான். பெட்டியின் நிறத்தைக் கொண்டு மருந்தை அடையாளம் காண்பான். பெயரில் ஓர் எழுத்து வேற்றுமையுள்ள இரு மாத்திரைகளில் ஒன்று சர்க்கரை நோய்க்கும் மற்றொன்று வேறு நோய்க்குமாக இருப்பதை அவன் எங்ஙனம் அறிவான்? பீகார் மாநிலத்து வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பதிவு பெறாதவர்கள் மருந்து கொடுப்பது மக்களின் உடல்நலத்திற்கே ஆபத்து என்று கண்டித்தது. தனியார் கடையில் நடப்பதே தவறு என்றால், அங்கத்தினர் பங்குப் பணத்தில் நடக்கும் கடையில் அது எவ்வளவு பெரிய தவறு!

நிர்வாகக் குழுவினர் இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது. 1940-ம் வருஷத்துச் சட்டத்தின் 34-ம் பிரிவு, கம்பெனி என்ற சொல்லுக்குள் பலர் கூடிய சங்கங்களையும் அடக்குகிறது. குற்றம் நிகழ்ந்த காலத்தில் அந்த வியாபாரத்தை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் எவரோ அவரும் குற்றவாளியே. லைசென்சின்றி விற்றால் மூன்று வருஷத்திற்குக் குறையாத சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆகவே பொறுப்பாளர் யார் என்பதைத் தீர்மானத்தில் பெயர் சொல்லி எழுதாத சங்கம், வழக்கு வந்த நாளில் தலைவரும் காரியதரிசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணும்.

"சட்டமெல்லாம் பட்டணத்துக்குச் சரி, மலைக்கு இளக்கம் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். பட்டணத்தில் தவறான மருந்து உண்டவனுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்ட நம் ஊரில் அவன் கதி என்ன? இளக்கம் கேட்பதற்கு மலை எவ்வளவு காரணமோ, இறுக்கம் கேட்பதற்கு அதைவிட அதிகக் காரணம்.

இந்தச் சட்டம் பிறந்த கதையில் நம் மலைக்கும் தூரத்து உறவு உண்டு. 1860 முதல் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சர்க்கார் சிங்கோனா மரம் வளர்த்துப் பின்னர் நடுவட்டத்தில் கொயினா காய்ச்சியதைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மலேரியாவுக்கு அந்நாளில் இருந்த முதன்மையான மருந்து கொயினா. அதில் கலப்படமும் தரக்குறைவும் மலிந்து கூக்குரல் எழுந்ததே, 1930-ல் சோப்ரா கமிட்டி ஏற்பட்டதற்கு ஒரு காரணம். அக்கமிட்டியின் அறிக்கையின் பேரில் வந்ததுதான் 1940-ம் வருஷத்துச் சட்டம். பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா பகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அப்படியொரு செய்தி வரும் நாளில், எந்தத் தொகுதி எண் பாட்டில்கள் எந்தத் தேதியில் வந்தன, எத்தனை விற்றன, யாருக்கு விற்றன என்று ஒரு மணி நேரத்தில் சொல்லக்கூடிய கடையும் உண்டு, பில்லே இல்லாமல் வாங்கிய கடையும் உண்டு. கொள்முதல் பில்லையும் விற்பனைப் பில்லையும் இரண்டு வருஷம் வைத்திரு, ஷெட்யூல் எச்1 என்னும் பட்டியலிலுள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி மூன்று வருஷம் வைத்திரு என்று விதி சொல்வது அதற்காகத்தான். நம் காரியதரிசிகள் ரசீதுகளைப் பத்திரப்படுத்துவதில் தேர்ந்தவர்கள். இந்த ஒன்றில் தனியார் கடையைவிட நம் கடை மேலாக நிற்க முடியும்.

குளிர்பெட்டி விஷயம் கூட்டங்களில் சிரிப்பை எழுப்புவதுண்டு. "ஊரே குளிர்பெட்டியாய் இருக்கையில் தனியாக ஒரு பெட்டி எதற்கு, ஐயா?" என்று உதகைப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் கேட்டார். கேள்வி வேடிக்கையாயினும் பதில் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டியவை. உதகையின் பகல் வெப்பம் பெரும்பாலும் அதற்கு மேல்; ஜனவரியில் உறைபனி விழும் இரவிலோ அதற்குக் கீழ். உறைந்து போன இன்சுலின், உருகிய பின் பார்வைக்குப் பழையபடியே தோன்றினாலும் அதன் வீரியம் போய்விடும். ஆகவே பெட்டியும் வேண்டும், உள்ளே உஷ்ணமானியும் வேண்டும், மின்சாரம் நின்ற நேரத்தைக் குறித்து வைக்க ஒரு நோட்டும் வேண்டும். தேவாலாப் பக்கத்து அங்கத்தினர்களுக்குக் குளிரைவிட ஈரமே பகை. தென்மேற்குப் பருவமழையில் சுவர் கசியும் அறையில் மாத்திரை அட்டைகளை அடுக்குவது, தேயிலைத் தூளைத் திறந்த சாக்கில் வைப்பதற்குச் சமானம்.

இனிப் பணக் கணக்கு. மருந்தாளுநருக்கு மாதம் 15,000, மின்சாரம் முதலிய சில்லறைச் செலவுக்கு 5,000, ஆக 20,000 ரூபாய் என்று கொள்வோம். விற்பனையில் நூற்றுக்கு இருபது நிற்குமானால் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும். நாள்தோறும் மாத்திரை உண்ணும் ஒருவர் மாதம் 400 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்தால் அத்தகையோர் 250 பேர் தேவை. ஜெனரிக் மருந்தின் விலை குறையக் குறைய இந்தத் தலைக்கணக்கு ஏறும் என்பதையும் மறக்கலாகாது. உங்கள் சங்க எல்லைக்குள் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய பிறகே தீர்மானம் வரட்டும். அரசின் மானியம் அலமாரிக்கும் முதற் சரக்குக்கும் உதவும்; மூன்றாம் வருஷத்துச் சம்பளத்தை அது கொடாது. ஆள் போதாத இடத்தில் பக்கத்துச் சங்கங்கள் மூன்று நான்கு கூடிப் பஸ் நிற்கும் ஒரு ஜங்ஷனில் ஒரே கடையை, ஒரு சங்கத்தின் பெயரில் லைசென்சு பெற்று, நடத்துவதே உசிதம். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்ததும், தனித்தனியே ஆலை வைக்கச் சக்தியற்ற சிறு விவசாயிகள் கூடியதனால்தானே?

கடை வர வழியில்லாத சிற்றூர்களைச் சட்டம் அடியோடு கைவிடவில்லை. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில், பாரசிட்டமால், வலித் தைலம், அமில நிவாரணி, பஞ்சு, பாண்டேஜ் முதலிய சில வீட்டு மருந்துகளை, லைசென்சு பெற்ற வியாபாரியிடம் வாங்கி, பிரிக்காத மூல அடைப்பிலேயே விற்பதாயின் விற்பனை லைசென்சு வேண்டாம் என்று விதிகளின் ஷெட்யூல் கே விலக்களிக்கிறது. நம் மலைச் சரக்கான யூகலிப்டஸ் தைலமும் அந்தப் பட்டியலில் இருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் சீட்டு வேண்டிய மருந்து ஒன்றுகூட அதில் சேராது. கொழுந்து ஏற்றும் லாரியிலேயே மருந்தையும் ஏற்றி ஊர் ஊராகக் கொடுத்தால் என்ன என்று சிலர் யோசனை சொல்லுகின்றனர். மனம் நல்லது, ஆனால் சீட்டு மருந்துக்கு விதி இடங்கொடாது. கடைக்குரிய லைசென்சு ஓர் இடத்திற்கு உரியது, லாரிக்கு உரியதன்று.

வாங்குகிற அங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. தறிக்குழியில் நாள் முழுவதும் குந்தியிருக்கும் சிறுமுகை நெசவாளரும், சரிவில் குனிந்து கொழுந்து பறிக்கும் நம் பெண்களும் முதுகுவலிக்கு டைக்ளோபினாக் மாத்திரையை மிட்டாய்போல் வாங்கி உண்ணுகிறார்கள். அது சீட்டின்றி விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து. நெடுநாள் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பது. சங்கக் கடையில் சீட்டுக் கேட்டால், பங்குதாரனிடமே கேள்வியா என்று கோபிக்க வேண்டாம். அதேபோல், ஷெட்யூல் எச் மருந்தை மருத்துவர் ஒரு கம்பெனிப் பெயரில் எழுதியிருந்தால், உள்ளிருக்கும் பொருள் ஒன்றே ஆயினும் வேறொன்றை மாற்றிக் கொடுக்க 65-ம் விதி மருந்தாளுநருக்கு அதிகாரம் தரவில்லை. விலை குறைந்த ஜெனரிக் மருந்து வேண்டுவோர் மருத்துவரிடமே மூலப்பெயரில் எழுதித் தரும்படி கேட்டு வருவது நல்லது.

மருந்தாளுநருக்கு எங்கே போவது என்பதே எல்லாச் சங்கங்களின் முறையீடும். உதகையில் 1980 முதல் ஜே.எஸ்.எஸ். பார்மஸி கல்லூரி நடந்து வருகிறது. வெளியூரிலிருந்தெல்லாம் மாணவர் வந்து படித்துச் செல்கின்றனர். படித்தவர்கள் கம்பெனிக்கும் பட்டணத்திற்கும் போவதைக் குறை கூறிப் பயனில்லை. குந்தாவில் தங்கியிருக்கக் குந்தாவில் பிறந்தவரே வேண்டும். மருந்தியல் பட்டயப் படிப்பு இரண்டு வருஷம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருந்தால் போதும். லாபத்தில் ஒதுக்கும் பொது நன்மை நிதி பல சங்கங்களில் கடிகாரம் பரிசளிப்பதிலும் விழாப் பந்தலிலும் கரைகிறது. அதிலிருந்து அங்கத்தினர் வீட்டுப் பெண் ஒருத்தியின் படிப்புச் செலவை ஏற்று, படித்துப் பதிவு பெற்றபின் ஐந்து வருஷம் சங்கக் கடையில் இருப்பதாக ஒப்பந்தம் செய்து கொள்ளட்டும். நிதியை அவ்வாறு செலவிட அனுமதி தேவைப்படும் இடத்தில், முறைப்படி எழுதிக் கேட்கும் மனுவைச் சார்பதிவாளர் அலுவலகம் வழியே அனுப்பலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வெளியாகும். மனு அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே போயிருக்க வேண்டும்.